தைராய்டு மாத்திரை புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: பக்கவிளைவு எது, டோஸ் கோளாறு எது?

தைராய்டு குறைவுக்குக் கொடுக்கும் லீவோதைராக்ஸின், கழுத்திலுள்ள சுரப்பி தானே சுரக்கும் டி4 ஹார்மோனின் அச்சு அசல் செயற்கை வடிவம். உடலுக்கு அந்நியமான பொருள் இல்லை. ஆனாலும் மருந்தோடு வரும் துண்டுச்சீட்டில் படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, பேதி, தூக்கமின்மை, முடி உதிர்வு என்று நீளமாக அச்சடித்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டுப் பயந்து மாத்திரையை ஓரம் கட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பட்டியலை நிதானமாக இன்னொரு முறை பாருங்கள். முக்கால்வாசி, ஹார்மோன் அளவு மிஞ்சும்போது வருகிற அறிகுறிகள். மாத்திரையே போடாமல், சுரப்பி தானாக அதிகம் சுரக்கிறவர்களுக்கும் இதேதான் வரும்.

ஆகவே தொந்தரவு என்று வந்தால், உள்ளே உண்மையில் எவ்வளவு ஹார்மோன் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மாத்திரையே ஒத்துக்கொள்ளாமல் போவது அபூர்வம். அளவு கூடிப்போவது, குறைந்துபோவது, வேகமாக ஏற்றுவது, எதனுடனாவது சேர்த்து விழுங்குவது ஆகியவைதான் அன்றாடம் நடப்பவை.

பாட்டிலிலிருந்து தொடங்குங்கள்

தைரோநார்ம், எல்ட்ராக்ஸின், தைராக்ஸ் என்று பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஒரே மருந்து. இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயரில் எழுதிக்கொடுத்து, இரண்டையும் சேர்த்து விழுங்கினால் டோஸ் இரட்டிப்பாகிவிடும். அளவு மைக்ரோகிராமில், அதாவது எம்சிஜியில் இருக்கும். சிலர் சீட்டில் 0.1 மில்லிகிராம் என்று எழுதுவார்கள். அது 100 மைக்ரோகிராம். 0.05 என்றால் 50.

ஏமாற்றுகிற எண் ஒன்று உண்டு: 12.5. புள்ளி மங்கலாக விழுந்தால் அது 125 ஆகத் தெரியும். இரண்டு அளவிலும் மாத்திரை விற்கிறது என்பதால் கடைக்காரருக்குச் சந்தேகமே வராது. 12.5 போட வேண்டிய முதியவர் பத்து மடங்கை விழுங்குவார், அதுவும் தினமும். சில பாட்டில்களில் நூறு, நூற்றிருபது மாத்திரை இருக்கும் என்பதால் ஒரு தடவை தவறிய கொள்முதல் மூன்று நான்கு மாதம் நீடிக்கலாம். கடையை விட்டு இறங்குமுன் சீட்டில் உள்ள எண், லேபிளில் உள்ள எண், பழைய பாட்டிலில் உள்ள எண் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மாமியாருக்கு 50, மருமகளுக்கு 100 என்று ஒரே அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில் நிற்கிற வீடுகளில் மார்க்கர் பேனாவால் பெயரையும் திறந்த தேதியையும் எழுதிவிடுங்கள். டோஸ் மாறியதும் பழைய பாட்டிலை அப்புறப்படுத்துங்கள். வெப்பம், வெளிச்சம், ஈரம் மூன்றும் இந்த மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். அடுப்பு மேடைக்கு மேலும் குளியலறையிலும் வைக்க வேண்டாம். வாரத்துக்கெல்லாம் சேர்த்து வேறு டப்பாவில் கொட்டி வைப்பதைவிட, வந்த பாட்டிலிலேயே இறுக்கி மூடி வைப்பது நல்லது.

முதல் ஆறு வாரம்

சுரப்பி ஏறக்குறைய முழுதாக வேலையை நிறுத்திவிட்ட, வேறு நோய் இல்லாத நடுவயதினருக்கு முழு டோஸ் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் அளவில் வரும். 60 கிலோ என்றால் ஏறத்தாழ 100. சுரப்பி இன்னும் ஓரளவு வேலை செய்தால் 25, 50 போதும். வயதானவர்கள், இதய நோயுள்ளவர்கள் 12.5 அல்லது 25இல் தொடங்கிச் சில வாரங்களுக்கு ஒருமுறை படிப்படியாக ஏற்றுவார்கள். காரணம் இருக்கிறது. ஹார்மோன் குறைந்த உடலில் இதயம் மெதுவாக, குறைந்த ஆக்சிஜனில் ஓடப் பழகியிருக்கும். திடீரென்று முழு டோஸ் ஏறினால் துடிப்பும் ஆக்சிஜன் தேவையும் ஒன்றாகக் கூடும். ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பது அதுவரை தெரியாதிருந்தால், நெஞ்சுவலியாக அப்போதுதான் தெரியவரும். பக்கத்து வீட்டுக்காரர் 100 போடுகிறார், எனக்கு ஏன் 25 என்று மருத்துவரை நெருக்க வேண்டாம்.

டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். தினமும் போட்டுவந்தால் அளவு நிலைபெற ஐந்தாறு வாரம் பிடிக்கும். இது இரண்டு விதத்தில் உதவுகிற தகவல். மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் களைப்பு போகவில்லை என்று மனம் தளர வேண்டாம். அதேபோல, முதல் மாத்திரை விழுங்கிய அரை மணியில் வரும் படபடப்புக்கு மாத்திரை காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. டோஸ் மிஞ்சியதால் வரும் படபடப்பு வாரக்கணக்கில் மெல்ல ஏறி வரும்.

தொடங்குவதற்கு முன்பே நாடித்துடிப்பைக் குறித்து வையுங்கள். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன், கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வைத்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். கட்டைவிரலால் பார்த்தால் அதன் சொந்தத் துடிப்பே குழப்பும். வாரம் இரண்டு முறை நாட்காட்டியில் எழுதினால் போதும். 68ஆக இருந்தது டோஸ் கூட்டிய பிறகு வாரா வாரம் ஏறி 90ஐத் தொடுகிறது என்றால், "ஒரு மாதிரி படபடன்னு இருக்கு டாக்டர்" என்பதைவிட அந்தத் தாள் ஆயிரம் மடங்கு பயன்படும்.

முடி உதிர்வு தனிக் கதை. தைராய்டு குறைவே முடியைக் கொட்ட வைக்கும். மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களிலும் தற்காலிகமாகக் கொட்டலாம், பிறகு அடங்கிவிடும். டோஸ் மிஞ்சினாலும் கொட்டும். ஒரே அறிகுறிக்கு மூன்று எதிரெதிர்க் காரணம் இருப்பதால் சீப்பைப் பார்த்து டோஸைத் தீர்மானிக்க முடியாது. களைப்புக்கும் இதே கதைதான்.

டோஸ் மிஞ்சினால்

உட்கார்ந்திருக்கும்போதே இதயம் அடித்துக்கொள்வது, நீட்டிய விரல்கள் நடுங்குவது, மற்றவர்களுக்குக் குளிரும் அறையில் வியர்ப்பது, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை மலம் இளகிப் போவது, சாப்பிட்டும் எடை இறங்குவது, படுத்தால் தூக்கம் வராமல் மனம் ஓடிக்கொண்டே இருப்பது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது, மாதவிலக்கு குறைவாக அல்லது தாறுமாறாக வருவது. மாடிப்படி ஏறும்போது தொடைத் தசை தளர்வதையும் சிலர் சொல்வார்கள். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் ஆறு வாரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் பேசி டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டையும் ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்: தைராய்டு ஹார்மோன் மிஞ்சினால் இது இறங்கும், குறைந்தால் ஏறும். ஃப்ரீ டி4 என்பது ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் உலவும் டி4. பெரும்பாலும் 12.5 அல்லது 25 குறைப்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், தாளம் தப்பிய வேகமான துடிப்பு: இவை வந்தால் லேபுக்குப் போகிற வேலை இல்லை. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடலெங்கும் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குவது போன்ற ஒவ்வாமைக்கும் அப்படியே.

உண்மையில் கவலைப்பட வேண்டியது, சத்தமில்லாமல் மிஞ்சி நிற்கும் டோஸைப் பற்றி. ஆள் சுறுசுறுப்பாக இருப்பார், எடையும் ஏறாது, தொந்தரவே சொல்ல மாட்டார். டி.எஸ்.எச். மட்டும் வருடக்கணக்கில் 0.1க்குக் கீழே கிடக்கும். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 60 வயது தாண்டியவர்களைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்து 1994இல் வெளியான ஆய்வில், டி.எஸ்.எச். அவ்வளவு குறைந்திருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் தாளக்கேடு வந்தது. இயல்பான அளவு உள்ளவர்களில் அது 11 சதவீதம். அந்தத் தாளக்கேடு பக்கவாதத்துக்கு வழிவிடும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தியும் இதனால் கரையும்.

எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு டி.எஸ்.எச். 4 முதல் 6 வரை இருந்தாலும் போதும் என்று மருத்துவர் விட்டுவிடுவதற்குக் காரணம் இதுதான். லேப் தாளில் தடித்த எழுத்தில் வந்த எண்ணைப் பார்த்துப் பிள்ளைகள் பதறுவதைவிட அம்மாவின் இதயம் முக்கியம். தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு மட்டும் சில சமயம் டி.எஸ்.எச்.ஐ வேண்டுமென்றே தாழ்த்தி வைப்பார்கள். அவர்கள் மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிட்டுத் தாமாகக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

காபி, இரும்பு, கால்சியம்

வெறும் வயிற்றில் விழுங்கினால் மாத்திரையில் 70 முதல் 80 சதவீதம் வரைதான் உடலில் சேரும். கூட எதுவும் போனால் இன்னும் குறையும். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபியோ டிபனோ. நம் ஊரில் இந்த விதி உடைவது காபியில்தான். பால் கலக்காத எஸ்பிரஸ்ஸோ குடிக்கும் இத்தாலியர்களிடமே காபி இந்த மாத்திரையின் உறிஞ்சுதலைக் குறைப்பது 2008இல் பதிவாகியிருக்கிறது. நம்முடையதில் பாலின் கால்சியமும் சேர்ந்துகொள்கிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பக்கவிளைவு என்று வருகிற புகார்களில் கணிசமானவை இதில் விழுந்தவை. காபியோடு மாத்திரை போடுகிறவருக்குப் பாதி மருந்துதான் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். டி.எஸ்.எச். ஏறுகிறது, மருத்துவர் 75ஐ 100 ஆக்குகிறார், பிறகு 125. ஒருநாள் யாரோ சொல்லி அவர் காபியைத் தள்ளிப்போடத் தொடங்குகிறார். இப்போது 125ம் ஒழுங்காக உள்ளே போகிறது. ஒரு மாதத்தில் படபடப்பு, பேதி, தூக்கமின்மை. மாத்திரை மாறவில்லை, எண் மாறவில்லை, ஆனால் டோஸ் ஏறிவிட்டது. இரும்புச்சத்து மாத்திரை முடிந்து நிறுத்தும்போதும் இதேதான் நடக்கும். எனவே மாத்திரை போடும் பழக்கத்தைத் திருத்தினாலும், உடன் போடும் மருந்தைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும், ஆறு முதல் எட்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

இரும்பு, கால்சியம், அமிலமுறிவு மருந்து, வயிற்றுப்புண்ணுக்கான சுக்ரால்ஃபேட் இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. மல்டிவிட்டமினிலும் இரும்பும் கால்சியமும் இருக்கும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பும் கால்சியமும் சேர்ந்தே கிடைப்பதால் குழப்பம் வரும். ஆறு மணிக்குத் தைராய்டு, ஏழு மணிக்குக் காபி, மதியச் சாப்பாட்டோடு கால்சியம், இரவு இரும்பு என்று பிரித்துக்கொண்டால் மூன்றும் மோதாது. பேன்டோபிரசோல் போன்ற வயிற்று மாத்திரை அமிலத்தையே குறைப்பதால் இடைவெளி விட்டும் முழுப் பலன் இல்லை. அது நீண்ட நாள் தேவையென்றால் தைராய்டு டோஸைத்தான் அதற்கேற்பப் பார்க்க வேண்டும். முட்டைக்கோஸ், காலிஃப்ளவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பயத்தை விட்டுவிடலாம். சமைத்துச் சாதாரண அளவில் சாப்பிட்டால் மாத்திரை போடுபவருக்கு ஒன்றும் ஆகாது. சோயா மட்டும் உறிஞ்சுதலைத் தடுக்கும், தள்ளிச் சாப்பிடுங்கள்.

காலை நேரம் எப்படியும் ஒத்துவராதவர்கள் இரவு போடலாம். 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் படுக்கும் நேர மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கடைசிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஒன்பதரைக்குத் தோசை, பத்தரைக்குப் படுக்கை என்கிற வீட்டில் இது நடக்காது. ரமலான் மாதத்தில் சஹருக்கு எழுந்தவுடன் போட்டு அரை மணி கழித்துச் சாப்பிடுவது பலருக்கும் வசதி.

ரத்தம் கொடுக்கும் நாள்

டோஸ் தொடங்கிய, மாற்றிய ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் பரிசோதனை. அளவு நிலைத்த பிறகு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை. அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். விழுங்கிய சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 கொஞ்சம் எகிறி நிற்கும், இல்லாத மிகை இருப்பதாகத் தோன்றும். டி.எஸ்.எச். ஒரே நாளிலேயே விடியலில் கூடியும் பிற்பகலில் குறைந்தும் இருப்பதால், ஒவ்வொரு முறையும் ஒரே லேபில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொடுப்பது நல்லது.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுகிறவர்கள் அதிகம். 5, 10 மில்லிகிராம் பயோட்டின், பல லேப் கருவிகளில் டி.எஸ்.எச்.ஐப் பொய்யாகக் குறைத்தும் டி4ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். தாளைப் பார்த்தால் டோஸ் மிகுந்தவர் போலத் தெரியும், மருத்துவர் டோஸைக் குறைப்பார், தைராய்டு குறைந்து முடி இன்னும் கொட்டும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிட்டு, போட்டுக்கொண்டிருந்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கம்பெனி மாறினால்

நியூசிலாந்தில் 2007இல் எல்ட்ராக்ஸின் தயாரிப்பு கனடாவிலிருந்து ஜெர்மனிக்கு மாறியது. மருந்து அதே, சேர்மானப் பொருட்களும் மாத்திரையின் தோற்றமும் மாறின. அதற்கு முந்தைய முப்பது ஆண்டில் 14 புகார்தான் வந்திருந்தது. அடுத்த பதினெட்டு மாதத்தில் 1,400க்கு மேல். பிரான்ஸில் 2017 மார்ச்சில் லீவோதைராக்ஸ் மாத்திரையில் லாக்டோஸை எடுத்துவிட்டு மேனிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். அதைப் போட்டுவந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர். புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து, அந்த ஆண்டு அக்டோபரிலேயே பழைய கலவையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பத்திரிகைச் செய்தியும் பயமும் இதை ஊதிப் பெருக்கின என்பது உண்மை. ஆனால் எல்லாமே மனப்பிரமை என்று ஒதுக்குவதும் சரியில்லை. மைக்ரோகிராமில் அளக்கும் மருந்தில், கலவை மாறும்போது உறிஞ்சும் அளவு சிலருக்கு நூலிழை தள்ளிப்போனாலே உடல் உணரும்.

முடிந்தவரை ஒரே பிராண்டில் இருங்கள். கடையில் இல்லை என்று மாற்றிக்கொடுத்தால் மாற்றிய தேதியைக் குறித்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பாருங்கள். பிராண்டு மாற்றியதும் அரிப்பு, தடிப்பு வந்தால் நிறமியோ சேர்மானமோ காரணமாக இருக்கலாம், வேறு பிராண்டு பெரும்பாலும் சரிசெய்துவிடும்.

வேறு நோய் இருந்தால்

மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை: சர்க்கரை நோய், ஏனெனில் தைராய்டு சரியாகும்போது இன்சுலின் தேவை கூடலாம். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் வார்ஃபரின், ஏனெனில் அதன் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபைன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரை ஆகியவை தைராய்டு டோஸின் தேவையையே கூட்டும்.

சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியில் குறைவு இருப்பவருக்கு, அதைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரை தொடங்குவது உயிருக்கே ஆபத்து. மாத்திரை தொடங்கிய பிறகு தெளிவதற்குப் பதில் அசாத்தியக் களைப்பு, வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குவது என்று போனால் தாமதிக்கக் கூடாது. முன்பே எடை இறங்கி, தோல் கறுத்து, உப்புக்கு ஏங்கியவராக இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கர்ப்பத்துக்கும் இந்த மாத்திரைக்கும் பகை இல்லை, அப்போது தேவை கூடத்தான் செய்யும். நாள் தள்ளிப்போய் உறுதியானதும் வாரத்துக்கு ஏழுக்குப் பதில் ஒன்பது மாத்திரை என்று தொடங்குவது பரவலான நடைமுறை. ஏற்கெனவே மாத்திரை போடுபவர் குழந்தைக்குத் திட்டமிடும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

எடை குறைக்க டோஸைக் கூட்டிக்கொள்வது கெட்ட யோசனை. தைராய்டு சரியாகி இறங்கும் எடை பொதுவாகச் சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி தேங்கிய நீர். அதற்கு மேல் மாத்திரையால் இறக்கப் பார்த்தால் தசையும் எலும்பும் கரையும், இதயம் தாளம் தப்பும். அறிகுறி போய்விட்டது என்று நிறுத்துவதும் வேண்டாம். இருப்பில் உள்ள ஹார்மோன் இரண்டு மூன்று வாரம் தாக்குப்பிடிப்பதால் "நிறுத்தியும் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று தோன்றும், பிறகுதான் சரியும்.

ஒருநாள் மறந்தால் அன்றைக்கே ஞாபகம் வரும்போது, வயிறு காலியாக உள்ள நேரத்தில் போடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தால் வழக்கமான ஒன்றோடு விடுங்கள். குறிப்பாக இதய நோயுள்ளவர்கள் இரண்டு சேர்த்துப் போடக் கூடாது. குழந்தை பாட்டிலைத் திறந்து விழுங்கிவிட்டால், அறிகுறி தெரியச் சில நாள்கூட ஆகலாம். நன்றாக விளையாடுகிறதே என்று வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, எத்தனை மாத்திரை குறைகிறது என்று வழியிலேயே எண்ணி வையுங்கள்.